கேள்வி–பதில்: டொலுயீன் பேரல் மேல் இத்தனை எண்கள் ஏன்?

வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டொலுயீன் பற்றியவை. அச்சகம், பெயிண்ட், ஷூ பசை என்று தொழில் வேறானாலும் சந்தேகம் ஒன்றுதான்: இந்தச் சால்வென்ட்டை எந்த வகை ஆபத்தில் சேர்ப்பது? எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்துக்கொண்டோம்.

கிரேவூர் (செதுக்கிய உருளையால் அச்சிடும் முறை) அச்சகத்துக்கு டொலுயீன் 200 லிட்டர் பேரலில் வாங்குகிறோம். பாதுகாப்புத் தரவுத் தாளில் ‘தீப்பற்றும் திரவம், வகை 2’ என்று இருக்கிறது. பேரலில் ஒட்டிய நான்கு நிற வைரத்தில் சிவப்புக் கட்டத்தில் 3. லாரி ஸ்டிக்கரிலும் 3. லைசென்ஸ் எடுத்துத் தருகிறவரோ ‘கிளாஸ் ஏ’ என்கிறார். எதை நம்புவது? – வாசகர், சிவகாசி

நான்கும் சரிதான். ஒவ்வொன்றும் வேறு வேறு ஆளுக்காக எழுதப்பட்டது, அவ்வளவுதான்.

தாளில் உள்ள ‘வகை 2’ ரசாயன ஆபத்துகளை உலகெங்கும் ஒரே மாதிரி வகைப்படுத்தும் ஐ.நா.வின் ஜி.எச்.எஸ். முறைப்படி வந்தது. அங்கே இரண்டு எண்களை மட்டும் பார்ப்பார்கள்: ஃபிளாஷ் பாயிண்ட் (பொறி பட்டால் பற்றும் அளவுக்கு ஆவி சேரத் தொடங்கும் வெப்பநிலை), கொதிக்கத் தொடங்கும் வெப்பநிலை. ஃபிளாஷ் பாயிண்ட் 23 டிகிரிக்குக் கீழே இருந்து, 35 டிகிரிக்குள் கொதித்தால் வகை 1. 35-ஐத் தாண்டிக் கொதித்தால் வகை 2. ஃபிளாஷ் பாயிண்ட் 23 முதல் 60 வரை என்றால் வகை 3. 60-ஐத் தாண்டி 93 வரை வகை 4. டொலுயீனுக்கு ஃபிளாஷ் பாயிண்ட் 4 டிகிரி, கொதிநிலை 110.6 டிகிரி. ஆகவே வகை 2, கூடவே ‘எச்225’ (மிக எளிதில் தீப்பற்றும் திரவமும் ஆவியும்) என்ற வாசகம். இந்த முறையில் எண் சிறியதானால் ஆபத்து பெரிது.

நான்கு நிற வைரம் அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 704. தீயணைப்பு வீரர் தூரத்தில் நின்றே படிக்கட்டும் என்று வந்தது. அதில் எண் ஏற ஏற ஆபத்து கூடும், 4 தான் உச்சம். டொலுயீனுக்கு நீலம் (உடல்நலம்) 2, சிவப்பு (தீ) 3, மஞ்சள் (வினைபுரியும் தன்மை) 0. தப்பு நடப்பது இந்த இடத்தில்தான். கடைநிலை ஊழியர் ஒருவர் தாளில் 2, பேரலில் 3 என்று பார்த்துவிட்டு, ‘3 என்றால் கொஞ்சம் பரவாயில்லை போல’ என்று நினைத்தால் அர்த்தம் தலைகீழாகிவிடும். இரண்டு லேபிளையும் அருகருகே ஒட்டுவதென்றால் எந்த எண் எந்தத் திசையில் ஏறுகிறது என்று தமிழில் ஒரு வரி எழுதி ஒட்டுங்கள். இன்னொரு விஷயம்: ஃபிளாஷ் பாயிண்ட் 25–27 டிகிரி உள்ள சைலீன் என்ற இன்னொரு சால்வென்ட்டுக்கும் இந்த வைரத்தில் 3 தான். வைரத்தை வைத்து டொலுயீனையும் சைலீனையும் பிரித்தறிய முடியாது. ஜி.எச்.எஸ். பிரித்துக் காட்டும்.

லாரியில் உள்ள 3 ஆபத்தின் அளவே அல்ல. ‘மூன்றாம் வகுப்பு, தீப்பற்றும் திரவம்’ என்ற சரக்கு வகுப்பு எண் அது. பெட்ரோல், டொலுயீன், பெயிண்ட் எல்லாமே அங்கே 3. எவ்வளவு கடுமை என்பதைப் பேக்கிங் குரூப் சொல்லும். டொலுயீனுக்கு அது II. ஐ.நா. எண் 1294. டேங்கரின் பின்னால் இருக்கும் பலகையில் ‘3ஒய்ஈ’ என்ற அவசரக் குறியீட்டை எழுதியிருப்பார்கள். அதில் வரும் 3-க்கு இன்னொரு பொருள்: நுரை போட்டு அணை.

‘கிளாஸ் ஏ’ என்பது 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டம் தரும் பிரிவு. ஃபிளாஷ் பாயிண்ட் 23-க்குக் கீழே ஏ, 23 முதல் 65-க்குள் பி, 65 முதல் 93-க்குள் சி. டொலுயீன் திரவ ஹைட்ரோகார்பன் என்பதால் இந்தச் சட்டத்தின் பார்வையில் அதுவும் பெட்ரோலியம்தான். இது நம் ஆட்கள் பலருக்கும் தெரியாது. ‘நாங்கள் பெட்ரோல் விற்கவில்லையே’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

அப்படியானால் லைசென்ஸ் இல்லாமல் எவ்வளவு வைத்துக்கொள்ளலாம்? – அதே வாசகர்

விற்பனைக்கல்லாமல் சொந்த உபயோகத்துக்கு, கைவசம் மொத்தம் 30 லிட்டர். அதுவும் இறுக மூடிய பாத்திரத்தில். கண்ணாடி அல்லது பீங்கான் என்றால் ஒன்று 1 லிட்டருக்கு மேல் கூடாது, உலோகம் என்றால் 25 லிட்டருக்கு மேல் கூடாது. ஒரு பேரல் வாங்கிய அன்றே இந்த வரம்பைத் தாண்டிவிடுகிறீர்கள். 2002-ஆம் ஆண்டு பெட்ரோலியம் விதிகளின் கீழ் லைசென்ஸ் தேவை.

ஃபிளாஷ் பாயிண்ட் 4 டிகிரி, தானாகப் பற்றும் வெப்பநிலை 480 டிகிரி என்று ஒரே தாளில் இருக்கிறது. 480 டிகிரி சூடு எங்கள் ஷெட்டில் எங்குமே இல்லை. பிறகு எதற்குப் பயம்? மோட்டார் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? – எலெக்ட்ரீஷியன், ஓசூர்

480 டிகிரி என்பது பொறியே இல்லாமல், சூடான பரப்பு பட்டதும் தானாகப் பற்றும் வெப்பநிலை. ஃபிளாஷ் பாயிண்ட் அப்படியல்ல: திரவத்தின் மேல் பற்றும் அளவுக்கு ஆவி சேரத் தொடங்கும் வெப்பநிலை. அதற்குமேல் ஒரு சிறு பொறி போதும்.

காற்றில் டொலுயீன் ஆவி 1.1 சதவீதத்துக்குக் குறைந்தால் பற்றாது, 7.1 சதவீதத்துக்கு மிஞ்சினாலும் பற்றாது. மூடிய பேரலில் திரவத்துக்கு மேலே உள்ள காலியிடத்தில் எவ்வளவு ஆவி நிற்கும் என்பதை வெப்பநிலையே தீர்மானிக்கிறது. 4 டிகிரியில் 1.1 சதவீதம். 20 டிகிரியில் 2.9 அளவில். 30 டிகிரியில் 5-ஐ நெருங்கும். 37 டிகிரியைத் தாண்டினால்தான் மேல் வரம்பைக் கடக்கும். அதாவது மார்கழிக் காலையிலிருந்து சித்திரை மதியம் வரை, நம் ஊரில் ஏறக்குறைய வருடம் முழுவதும், மூடிய டொலுயீன் பேரலின் உட்புறம் வெடிக்கத் தயாரான கலவையாகவே இருக்கிறது. பெட்ரோல் டேங்கின் உள்ளே ஆவி அளவுக்கு மிஞ்சிப் போய்விடுவதால் அங்கே நெருப்பு உள்ளே இறங்குவது அரிது. டொலுயீனுக்கு அந்தக் காப்பு இல்லை. டொலுயீன் ஆவி மிகச் சிறிய பொறிக்கும் பற்றும் செறிவு 4 சதவீதத்தை ஒட்டியது. அது 26, 27 டிகிரியில் பேரலுக்குள் தானாகவே அமைந்துவிடுகிறது. ‘பெட்ரோலையே கையாண்ட ஆள் நான், இது என்ன பெரிது’ என்பவரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

மோட்டார் விஷயத்துக்கு வருவோம். 480 டிகிரி என்ற எண் உங்களுக்குப் பயன்படுவது இங்கேதான். மின்கருவிகளுக்கான வகைப்பாட்டில் டொலுயீன் ஐ.ஐ.ஏ. வாயுக் குழு, வெப்ப வகுப்பு டி1. டி1 கருவியின் பரப்பு 450 டிகிரி வரை சூடாகலாம். ஆனால் டி1 போதும் என்று அதையே வாங்கிவிடாதீர்கள். நாளைக்கே இங்க் மாறும், பசை மாறும். அதில் ஹெக்சேன் இருந்தால் டி3 வேண்டும், அதாவது 200 டிகிரிக்கு மேல் பரப்பு சூடாகக் கூடாது. முதலிலேயே டி3 அல்லது டி4 வாங்குவது நல்லது. எந்த இடத்துக்கு எந்தக் கருவி என்பது மண்டலத்தைப் பொறுத்தது, அதாவது அங்கே வெடிக்கும் ஆவி எவ்வளவு அடிக்கடி இருக்கும் என்பதை. டேங்கின் உள்ளே மண்டலம் 0. வாயைத் திறந்து ஊற்றும் இடத்தைச் சுற்றி மண்டலம் 1. அதைத் தாண்டி, எப்போதாவது ஆவி எட்டும் இடம் மண்டலம் 2. தூய ஆவி காற்றைவிட 3 மடங்கு கனம், தரையோடு ஊர்ந்து போகும். அதனால் குழி, கேபிள் பள்ளம், சாக்கடை மூடி இருக்கும் இடங்களை, தூரம் என்றாலும் விட்டுவிடாதீர்கள். பிளக் பாயிண்ட்டை உயரத்தில் வைப்பது உதவும், ஆனால் அது மட்டும் போதாது.

ஷூ யூனிட்டில் பேஸ்டிங் டேபிளில் பெண்கள் வேலை செய்கிறார்கள். கேஸ் மீட்டர் எப்போதும் 0 காட்டுகிறது. ஆனாலும் மாலையில் தலைவலி, தலைசுற்றல் என்கிறார்கள். ஒருவர் கருவுற்றிருக்கிறார். பசையின் தாளில் தீயைத் தவிர இன்னும் ஐந்தாறு வரிகள் இருக்கின்றன. அவற்றுக்கு என்ன அர்த்தம்? – சூப்பர்வைசர், ஆம்பூர்

முதலில் அந்தக் கருவுற்ற பெண்ணை இன்றே பசை இல்லாத வேலைக்கு மாற்றுங்கள், சம்பளம் குறையாமல். தாளில் ‘எச்361டி’ என்று இருக்கும் வரி அதற்காகத்தான்: கருவிலிருக்கும் குழந்தைக்குக் கேடு விளைவிக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்படுகிறது. ‘சந்தேகம்தானே’ என்று விட்டுவிடக் கூடாது. வகைப்பாட்டில் அந்தச் சொல் சும்மா வருவதில்லை, சான்றுகளை எடைபோட்ட பிறகே வருகிறது.

அடுத்து மீட்டர். உங்களிடம் இருப்பது தீ மீட்டர். வெடிக்கும் கீழ் வரம்பில் எத்தனை சதவீதம் என்று அது சொல்லும். அந்தக் கீழ் வரம்பு 1.1 சதவீதம், அதாவது பத்து லட்சத்தில் 11,000 பங்கு. உடல்நலத்துக்கான எல்லையோ, 2025 வரை அமலில் இருந்த 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி, எட்டு மணி நேர சராசரியில் 100 பங்கு, குறுகிய நேரத்துக்கு 150. அமெரிக்கத் தொழில்சார் சுகாதார வல்லுநர் அமைப்பு பரிந்துரைக்கும் எல்லை இன்னும் கறாரானது: 20. காற்றில் 100 பங்கு இருந்தாலும் உங்கள் மீட்டரில் அது 1 சதவீதம்கூட வராது, 0 என்றே நிற்கும். 10 சதவீதத்தில் அலாரம் அடிக்கும்படி வைத்திருந்தால், அது அடிக்கும்போது 1,100 பங்கு. மீட்டரில் பழுது இல்லை. அதனிடம் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்கிறீர்கள். இதற்கு பி.ஐ.டி. வகைக் கருவியோ (புற ஊதா ஒளியால் ஆவியை அளப்பது), நிறம் மாறும் கண்ணாடிக் குழாயோ வேண்டும். அதைவிட, வேலை செய்பவரின் சட்டைக் காலரில் கரிக்குழாய் மாட்டி, ஒரு ஷிஃப்ட் முழுக்க மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்புவதே சரியான அளவு. மூக்கை நம்பாதீர்கள். சிறிது நேரத்தில் மூக்கு பழகி மணமே தெரியாமல் போய்விடும்.

மற்ற வரிகள்: எச்336, மயக்கமும் தலைசுற்றலும். மாலையில் அவர்கள் சொல்வது இதுதான். எச்373, நீண்ட நாள் சுவாசித்தால் உறுப்புகளுக்குக் கேடு, முக்கியமாக நரம்பு மண்டலம். இரைச்சலான இடத்தில் டொலுயீனும் சேர்ந்தால் காது மந்தமாவது கூடும், ஆகவே பஃபிங் மெஷின் பக்கத்திலேயே பேஸ்டிங் டேபிளைப் போடாதீர்கள். எச்315, தோல் எரிச்சல். எச்304, விழுங்கினால் நுரையீரலுக்குள் போய் உயிருக்கே ஆபத்து. டொலுயீன் தண்ணீரைவிட இளக்கமாக ஓடும் என்பதால், வாந்தி எடுக்கும்போது மூச்சுக்குழாயில் எளிதாக இறங்கிவிடும். அதனால் யாராவது விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. நேரே ஆஸ்பத்திரி.

சீலிங் ஃபேன் ஆவியை வெளியேற்றாது, கலக்கிவிட மட்டுமே செய்யும். டேபிளின் பின்விளிம்பில் நீளவாக்கில் உறிஞ்சும் வாய் வைத்து, காற்று வேலை செய்பவரின் முகத்திலிருந்து விலகிப் போகும்படி இழுக்க வேண்டும். பசைக் கிண்ணத்துக்குத் தூரிகை நுழையும் அளவு ஓட்டையுள்ள மூடி போட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயர அறையில் வெறும் 12 மில்லி டொலுயீன் முழுதாக ஆவியானால் அந்த 100 பங்கு வந்துவிடும். ஒரு சின்ன மூடி அளவு திரவம் அது. தூசிக்கான முகக்கவசம் ஆவியைத் தடுக்காது, கரிம ஆவிக்கான பழுப்புப் பட்டை வடிகட்டி வேண்டும். மெல்லிய நைட்ரைல் கையுறை சில நிமிடங்களில் டொலுயீனை உள்ளே விட்டுவிடும், ரப்பர் கையுறையும் அப்படித்தான். வைட்டான் (ஒரு ஃபுளோரின் ரப்பர்) அல்லது பல அடுக்கு ஃபிலிம் கையுறைதான் தாங்கும்.

ஒன்று கூடுதலாக: சப்ளையரிடம் பகுப்பாய்வுச் சான்று கேட்டு அதில் பென்சீன் எவ்வளவு என்று பாருங்கள். 0.1 சதவீதத்தைத் தொட்டாலே அந்தச் சரக்கைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருளாகவும் வகைப்படுத்த வேண்டும். அப்போது லேபிளே மாறிவிடும்.

சைலீன் தின்னரில் நாலில் ஒரு பங்கு டொலுயீன் கலந்து விற்கிறோம். முக்கால் பங்கு சைலீன் என்பதால் ‘வகை 3’ என்றே போடலாமா? – பெயிண்ட் தயாரிப்பாளர், கோவை

கூடாது. தீ விஷயத்தில் பெரும்பான்மைக் கணக்கு செல்லாது. முதலில் ஆவியாவது இளகிய பொருள். உங்கள் கலவையில் கால் பங்கே இருக்கும் டொலுயீன், மேலே நிற்கும் ஆவியில் பாதிக்கு மேல் பிடித்துக்கொள்ளும். ஆவி அழுத்தங்களை வைத்துக் கணக்கிட்டால் கலவையின் ஃபிளாஷ் பாயிண்ட் 15 டிகிரியை ஒட்டி வருகிறது. 23-க்குக் கீழே போய்விட்டதால் வகை 2, பெட்ரோலியம் சட்டப்படி கிளாஸ் ஏ. பத்துப் பதினைந்து சதவீதம் டொலுயீனே கோட்டைத் தாண்ட வைத்துவிடும். டொலுயீன் டேங்கரைச் சரியாக வடிக்காமல் அதிலேயே சைலீன் ஏற்றினால்கூட இந்தச் சிக்கல் வரலாம்.

கணக்கோடு நிற்காமல் மூடிய கிண்ண முறையில் அளந்து பாருங்கள். திறந்த கிண்ணத்தில் ஆவி கலைந்து போவதால் சில டிகிரி கூடுதலாகக் காட்டும். 23-ஐ ஒட்டிய சரக்குக்கு அந்தச் சில டிகிரியே ஒரு வகையைத் தவறாக மாற்றிவிடும். சில பழைய தாள்களில் எந்தக் கிண்ணம் என்றே எழுதியிருக்காது. அப்படிப்பட்ட எண்ணை நம்பி வகை போடாதீர்கள்.

உடல்நல ஆபத்துகளுக்கு மட்டும் சதவீதக் கணக்கு உண்டு. ஐரோப்பிய விதிப்படி கலவையில் டொலுயீன் 3 சதவீதத்தை எட்டினாலே கருவுக்குக் கேடு என்ற வரி வரும். 10 சதவீதத்தில் நீண்ட நாள் உறுப்புக் கேடும் தோல் எரிச்சலும். 20-இல் மயக்கம். விழுங்கினால் ஆபத்து என்பதற்கு 10 சதவீதத்தோடு, 40 டிகிரியில் நொடிக்கு 20.5 சதுர மில்லிமீட்டருக்கு மிகாத பாகுநிலையும் சேர வேண்டும். அதனால்தான் கெட்டியான பசைக்கு அந்த வரி வராமல் போகலாம், தின்னருக்கு வரும். சைலீனின் சொந்த ஆபத்துகளை இதோடு சேர்த்துப் போடுங்கள்.

பேரலிலிருந்து 20 லிட்டர் பக்கெட்டுக்கு ஊற்றும்போது எர்த் கிளிப் மாட்டச் சொல்கிறார்கள். மழைக்காலத்தில் ஈரம் இருப்பதால் தேவையில்லைதானே? பிளாஸ்டிக் பக்கெட்டில் மின்சாரமே பாயாது, அதுதானே பாதுகாப்பு? – வாசகர், அம்பத்தூர்

இரண்டுமே தவறான எண்ணம். ஈரக் காற்று துணி, காகிதம், ஃபிலிம் போன்றவற்றின் மேற்பரப்பில் சேரும் ஸ்டாடிக்கைத்தான் கசிய வைக்கும். டொலுயீனுக்குள் சேர்ந்த மின்னேற்றத்தை அது தொடாது. டொலுயீன் மின்சாரத்தை ஏறக்குறைய கடத்தவே கடத்தாது. குழாயில் ஓடும்போதும் தெறிக்கும்போதும் சேரும் மின்னேற்றம் திரவத்துக்குள்ளேயே தங்கி நிற்கும். பற்ற வைக்கத் தேவையான ஆற்றல் 0.24 மில்லிஜூல். கதவுக் கைப்பிடியைத் தொடும்போது விரலில் ‘சுருக்’ என்று நமக்குத் தெரிவதற்கே ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். அந்தப் பொறியில் 0.6 மில்லிஜூலுக்கு மேல் இருக்கிறது. நீங்கள் உணரும் மிகச் சிறிய ஷாக்கே டொலுயீனுக்குத் தாராளம்.

பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் போக வழியில்லை, அதுதான் ஆபத்து. கம்பிக் கைப்பிடியில் கிளிப் மாட்டினால் கைப்பிடிக்குத்தான் எர்த், உள்ளே இருக்கும் திரவத்துக்கு இல்லை. பிளாஸ்டிக் கேன் வாயில் தகரப் புனல் வைப்பது இன்னும் மோசம். எதோடும் சேராமல் தனியே நிற்கும் உலோகம் மின்னேற்றத்தைச் சேர்த்து வைத்து ஒரேயடியாகப் பொறியாக விடும்.

சரியான முறை இது. உலோகப் பக்கெட். மூடியைத் திறப்பதற்கு முன்பே பேரலையும் பக்கெட்டையும் ஒன்றோடொன்று ஒயரால் இணைத்து, பேரலை எர்த்தோடு இணையுங்கள். கிளாம்ப்பின் கூர்முனை பெயிண்ட்டைக் கீறி இரும்பில் கடிக்க வேண்டும். மல்டிமீட்டரில் 10 ஓமுக்குள் காட்டினால் பிடித்திருக்கிறது. மெகா ஓம் காட்டினால் பெயிண்ட் மேல் தொங்குகிறது. நாங்கள் பார்த்தவற்றில் கிளிப் இருந்தும் வேலை செய்யாததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். குழாய் முனை பக்கெட்டின் அடியைத் தொடட்டும், முனை மூழ்கும் வரை நொடிக்கு 1 மீட்டருக்கு மேல் வேகம் வேண்டாம். நிரம்பியதும் ஒரு நிமிடம் விட்டுவிட்டு, மூடியைப் போட்ட பிறகே கிளாம்ப்பை எடுங்கள். திறந்த வாய்க்குப் பக்கத்தில் கிளாம்ப்பைக் கழற்றினால், கடைசிப் பொறி அங்கேயே விழும்.

தீப்பிடித்தால் தண்ணீர் அடிக்கலாமா? – மாணவர், திருச்சி

பீய்ச்சி அடிக்கக் கூடாது. டொலுயீனின் அடர்த்தி 0.87, தண்ணீரில் கரையாது. எரிந்துகொண்டே மிதந்து பரவும், சாக்கடைக்குள்ளும் போகும். நுரை, உலர் ரசாயனத் தூள், சிறிய தீக்குக் கார்பன் டையாக்சைடு. அசிட்டோன், ஐ.பி.ஏ. (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) போன்றவற்றுக்கு ஆல்கஹாலைத் தாங்கும் தனி நுரை வேண்டும். டொலுயீனுக்குச் சாதாரண நுரை போதும். பக்கத்தில் உள்ள பேரல்களைக் குளிர்விக்க மட்டும் தண்ணீரைத் தூவலாகப் பயன்படுத்தலாம்.

காலி பேரலை வெட்டித் தண்ணீர்த் தொட்டி செய்யலாமா? கவிழ்த்து நன்றாக வடித்துவிட்டோம். – வாசகர், விருதுநகர்

200 லிட்டர் பேரலுக்குள் வெடிக்கும் கலவை உண்டாக எவ்வளவு டொலுயீன் வேண்டும் தெரியுமா? ஏறத்தாழ 10 மில்லி. இரண்டு தேக்கரண்டி. எவ்வளவுதான் கவிழ்த்து வடித்தாலும் பேரலின் மடிப்பு விளிம்பில் அதைவிட அதிகம் தங்கிவிடும். அதற்கு மேல் கட்டிங் வீலை வைத்தால் பேரலின் தலை பிய்த்துக்கொண்டு பறக்கும். காலிப் பேரலுக்கும் நிறைந்த பேரலுக்கு உள்ள அதே வகைதான், லேபிளைக் கிழிக்காதீர்கள். மூடியை இறுக்கி, காலி டிரம் சுத்திகரிக்கும் அனுமதி பெற்றவரிடம் அனுப்புங்கள். தண்ணீருக்கு வேறு தொட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.